பாங்காக்கில் ஒரு போணி

பாங்காக்கில் நான் முதன்முதலாகச் சண்டை போட்டது ஒரு பூனையோடு.

படுத்திருக்கும் பெரிய புத்தர் கோயில் வாசல். மண்டை காயும் மத்தியானம். என் மடியில் ஒரு பாலிதீன் பை, பைக்குள் கானாங்கத்தை மீன். என்னைச் சுற்றிக் கோயில் பூனைகள் அரைவட்டமாக உட்கார்ந்து பையையே பார்த்துக்கொண்டிருந்தன. அதில் காது மடங்கிய கிழப் பூனை ஒன்று எழுந்து வந்து, என் முட்டிமேல் ஒரு காலை வைத்து, முகத்தைப் பார்த்தது.

"சீ, போ!" என்றேன். அதற்குத் தமிழ் புரியவில்லை. செருப்பைக் கழற்றிக் காட்டினேன். அது புரிந்தது. ஆனால் பயப்படவில்லை.

உள்ளே என் நாத்தனார் கன்னியம்மா, அதாவது என் வீட்டுக்காரர் ஏழுமலையின் அக்கா, சாமி பார்த்துக்கொண்டிருந்தார். அவர் வெளியே வந்ததும் மீனை அவரிடம் ஒப்படைத்துவிட்டு நான் உள்ளே போக வேண்டும். மீனோடு கோயிலுக்குள் போக முடியாதே. ஆளுக்கொரு தரம் காவல் என்று பேசி வைத்திருந்தோம்.

அண்ணி ஆடி அசைந்து வந்தார். பக்தி முகத்தில் வழிந்தது.

"இன்னாம்மே, சாமி காலை நீட்டிகினு நிம்மதியா படுத்துகினு கீது. நாமதான் மீன தூக்கினு அலையறோம்."

"யாரு அண்ணி வாங்கச் சொன்னது?"

"போணி மே," என்றார். அதற்குமேல் நான் கேட்க ஒன்றும் இல்லை என்பதுபோலப் பையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு, பூனையைப் பார்த்து ஒரு முறை முறைத்தார். அந்தக் கிழம் அப்போதுதான் இரண்டடி பின்னால் போனது. பல வருஷம் மீன் மார்க்கெட்டில் பூனைகளோடு தொழில் செய்தவர் அல்லவா.

பிளேனு எங்க போவுது?

இந்தக் கூத்து எப்படி ஆரம்பித்தது என்று சொல்லிவிடுகிறேன்.

அண்ணி புதுப்பட்டினம் மார்க்கெட்டில் மீன் விற்கிறார். நான் செங்கல்பட்டில் ஒரு பல் டாக்டரிடம் வரவேற்பில் உட்கார்ந்து, வலியோடு வருபவர்களிடம் "கொஞ்சம் வெயிட் பண்ணுங்க" என்று சொல்லும் வேலையில் இருக்கிறேன். வீடு சதுரங்கப்பட்டினத்தில், பக்கத்துப் பக்கத்தில்.

சாயங்காலம் வியாபாரம் முடிந்து வந்து மீன் சுமக்கும் அன்னக்கூடையைக் கழுவும்போது அண்ணி வானத்தைப் பார்ப்பார். கடல்மேல் கிழக்கே போகும் விமானம் ஏதாவது தெரிந்தால், "அது எங்க போவுது மே?" என்று கேட்பார். "எங்கயோ போவுது அண்ணி" என்று சொல்லிக்கொண்டிருந்தேன். ஒரு நாள் விமானத்தைக் காட்டினால் ஊரைச் சொல்லும் செயலி என் போனில் வந்து சேர்ந்தது. அன்று காட்டிப் பார்த்தோம். பாங்காக் என்று வந்தது.

"அப்ப அங்கயே போலாம்," என்றார் அண்ணி. அவ்வளவுதான் திட்டம். விமானக் கம்பெனி ஒன்று தள்ளுபடி என்று அறிவித்த வாரம் நான் பட்டனை அழுத்திவிட்டேன். இது நடந்து இரண்டு மூன்று வருஷம் இருக்கும்.

தெருவில் விஷயம் பரவியது. எங்கள் தெருவில் பாங்காக் என்பது ஆம்பளைகள் போகும் ஊர். ஏழுமலையின் கூட்டாளிகள் சிலர் ஒரு தடவை போயிருக்கிறார்கள். வீட்டில் அவர்கள் கொச்சிக்குப் போவதாகத்தான் சொன்னார்கள். அதனால் எதிர்வீட்டு அம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "நீங்க இன்னாத்துக்கும்மா அங்க?" என்று குரலைத் தணித்துக் கேட்டார். "பிளேனு அங்கதான் போவுதாம்" என்றேன். அவருக்கு அது பதிலாகப் படவில்லை.

ஏழுமலை தடுக்கவில்லை. சிரித்தார். அதுதான் எனக்குச் சுருக்கென்று தைத்தது.

"இத பாரு. மொத நாளு, ஒரே ஒரு நாளு. எனக்கு போன போட்டு 'இப்ப இன்னா பண்றது'ன்னு கேக்காம இருந்துட்டீங்கன்னா, வருசா வருசம் எங்க வோணா போங்க. நான் வாயத் தொறக்க மாட்டேன். கேட்டீங்க, அப்பால வேடந்தாங்கல்தான் உங்க ரெண்டு பேருக்கும் பாரினு. அங்கதான் பாரின் பறவைங்க வருது, போய்ப் பாத்துகினு வாங்க."

பாங்காக்கில் ஒரு ஓட்டலில் அவருடைய கூட்டாளி பாபு வேலை செய்கிறான். எங்களிடமிருந்து ஒரு போன் போனால் போதும், பாபு வந்து கையைப் பிடித்து அழைத்துப் போய்விடுவான். அந்தப் போனுக்காகத்தான் ஏழுமலை காத்திருந்தார்.

அண்ணி இடுப்பில் கை வைத்துக்கொண்டு சொன்னார்: "டேய், டச்சுக்காரன் நம்மூருக்கு வந்து கோட்ட கட்டினானே, வந்த அன்னைக்கி ஆருக்குடா போனு போட்டான்?"

எங்கள் ஊரில் இடிந்த டச்சுக் கோட்டை ஒன்று இருக்கிறது. அது இப்படியும் உபயோகப்படும் என்று அன்றுதான் தெரிந்தது.

என் முதல் வெளிநாடு

ஏழுமலை சிரித்ததற்குக் காரணம் உண்டு. நான் போன் போடும் ஜாதி.

நான் பிறந்தது படாளம். ஜி.எஸ்.டி. ரோடும் நெல் வயலும்தான் எனக்குத் தெரிந்த உலகம். கல்யாணமாகிச் சதுரங்கப்பட்டினத்துக்கு வந்த முதல் நாள், விடிய விடிய மழை கொட்டுகிறது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். காலையில் பார்த்தால் தரை காய்ந்திருக்கிறது. அது அலைச் சத்தம். தண்ணீர் உப்பு, காற்று உப்பு, தலைமுடிகூடப் பிசுபிசு என்றிருந்தது. எல்லாரும் சத்தமாகப் பேசினார்கள். என்னைத்தான் திட்டுகிறார்கள் என்று நினைத்து அம்மாவுக்குப் போன் போட்டு ஓவென்று அழுதேன்.

இரண்டு பஸ் மாறினால் வந்துவிடும் தூரம்தான். அம்மா, அண்ணன், சித்தப்பா, பக்கத்து வீட்டுக்காரர் என்று ஒரு படையே சாயங்காலம் வந்து இறங்கியது. வந்தவர்களுக்கு அண்ணி வஞ்சிரம் வறுத்துப் போட்டார். சாப்பிட்டுவிட்டு, "நல்ல எடமாத்தான் இருக்குது, நீ ஏம்மா அழுவுற?" என்று என்னையே கேட்டுவிட்டுக் கிளம்பிவிட்டார்கள்.

அதை ஏழுமலை இன்றுவரை எல்லா விசேஷத்திலும் சொல்லிச் சிரிக்கிறார். அதனால் இந்தப் பந்தயத்தில் ஜெயிப்பது எனக்கு முக்கியமாக இருந்தது. அண்ணிக்கு அடுத்த விமானம் வேண்டும். எனக்கு அந்தச் சிரிப்பு நிற்க வேண்டும்.

கிளம்பும் அன்று பெட்டியிலிருந்து நான் கருவாட்டுப் பொட்டலத்தை எடுத்து வெளியே வைத்தேன். அது மறுபடி உள்ளே போயிருந்தது. மறுபடி எடுத்தேன். "அப்ப மொளகாத்தூளாச்சும் வெய்யி. ஊர் பேர் தெரியாத எடத்துல நாக்கு செத்துப் பூடும்," என்றார் அண்ணி. சரி, கொஞ்சம் பொட்டலம் கட்டுங்கள் என்றேன். வாசலில் வண்டிக்காரர் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தார். பொட்டலம் கட்ட ஏது நேரம்? என் சமையலறை அலமாரியிலிருந்து குழம்பு மிளகாய்த்தூள் டப்பாவை அப்படியே தூக்கிப் பெட்டியில் போட்டுவிட்டார்.

செவுளைத் தூக்கிய கை

பாங்காக்கில் இறங்கும்போது விடிந்துகொண்டிருந்தது. ரயிலிலும் பஸ்ஸிலும் ஒருவழியாக விடுதிக்கு வந்து சேர்ந்தோம். ஒரே அறையில் அடுக்குக் கட்டில்களில் ஊர் உலகத்துப் பிள்ளைகள் எல்லாம் தூங்கும் மலிவு விடுதி அது. வரவேற்பில் ஊதா நிறத் தலைமுடியோடு ஒரு பெண். மத்தியானத்துக்குமேல்தான் கட்டில் தருவோம், அதுவரை பெட்டியை வைத்துவிட்டு ஊர் சுற்றுங்கள் என்றாள். "வெயிட் பண்ணுங்க" என்று மற்றவர்களிடம் சொல்லியே பழகியவள் நான். எனக்கு அது கொஞ்சமும் பிடிக்கவில்லை.

வெளியே வந்து பத்தடி நடந்ததும் அண்ணி நின்றார். மூக்கைத் தூக்கினார்.

"மீன் மார்க்கெட்டு கீது மே."

இருந்தது. சந்துக்குள் சந்தாகப் போனால் காய்கறி, பூ, கோழி, கடைசியில் மீன். பாங்காக் வந்து அரண்மனையைப் பார்க்கவில்லை, ஆற்றைப் பார்க்கவில்லை, அண்ணி மீன் பார்த்தார். முதல் கடையில் ரப்பர் பூட்ஸ் போட்ட ஒரு பெண், எங்கள் வயசுதான் இருக்கும், தட்டுகளில் ஐஸ் கொட்டி மீனை அடுக்கி முடித்து அப்போதுதான் நிமிர்ந்தாள்.

"நம்ம கானாங்கத்த! கொஞ்சம் குள்ளமா கீது, பாவம்," என்று சொல்லிக்கொண்டே அண்ணி கையை நீட்டி ஒரு மீனை எடுத்து, கட்டை விரலால் செவுளைத் தூக்கிப் பார்த்தார். செவுள் ரத்தச் சிவப்பு. திருப்தியாகத் தலையாட்டினார். அதை வைத்துவிட்டு இன்னொன்றின் வயிற்றை அமுக்கிப் பார்த்தார்.

பிறகு முகம் மாறியது.

"மே, தப்பு பண்ணிட்டேன்."

"என்ன அண்ணி?"

"தட்டப் பாரு. கலையவே இல்ல. இவளுக்கு இன்னும் போணியே ஆவல. நான் தொட்டுட்டேன்."

புதுப்பட்டினம் மார்க்கெட்டில் இது கொலைக் குற்றம். முதல் வியாபாரம் ஆகாத கடையில் மீனைத் தொட்டுப் பார்த்துவிட்டு வாங்காமல் போனால், அன்று அந்தக் கடைக்கு வியாபாரம் படுத்துவிடும் என்பது அண்ணியின் வேதம். ஒரு தடவை அணுமின் நிலையக் குவார்ட்டர்ஸ் அம்மா ஒருவர் விடிகாலையில் எல்லா மீனையும் தொட்டுப் பார்த்துவிட்டு, "எங்க வீட்ல இன்னிக்கு விரதம், சும்மா பார்த்தேன்" என்று போய்விட்டாராம். அன்று மத்தியானம் ஒரு நாய் வந்து இருப்பதிலேயே பெரிய வஞ்சிரத்தைக் கவ்விக்கொண்டு ஓடியது. அந்த நாய்க்கும் அந்த அம்மாவுக்கும் உள்ள சம்பந்தத்தை அண்ணி இன்றுவரை விளக்கிக்கொண்டிருக்கிறார்.

"அண்ணி, நமக்கு அடுப்பே கெடையாது. கட்டிலே இன்னும் குடுக்கல."

"அதுக்காவ ஒருத்தி பொழப்புல மண்ண போட சொல்றியா?"

வாங்கினோம். அந்தப் பெண் பணத்தைக் கையில் வாங்கியதும் ஒரு காரியம் செய்தாள். அந்த நோட்டாலேயே தன் தட்டுகளை ஒவ்வொன்றாகத் தட்டிக்கொண்டே போனாள். இறால் தட்டு, கணவாய்த் தட்டு, நண்டுக் கூடை, எல்லாவற்றின் மேலும் ஒரு தட்டு. வாயில் ஏதோ முணுமுணுப்பு.

அண்ணி அசையாமல் நின்றுவிட்டார். அவரும் தினமும் காலையில் முதல் நோட்டைக் கண்ணில் ஒற்றி, அன்னக்கூடையைச் சுற்றி, தராசில் தட்டுவார். அதைப் பார்த்து நான்கூடக் கிண்டல் செய்திருக்கிறேன்.

"இவளும் பண்றா மே," என்றார். "கடல் தாண்டி வந்தாலும் இவளும் பண்றா."

அந்தப் பெண்ணுக்கு என்ன புரிந்ததோ, அண்ணியைப் பார்த்துப் பல் தெரியச் சிரித்தாள். அண்ணியும் சிரித்தார். எனக்கும் ஏனோ கண் கலங்கியது. பிறகு கையில் கனக்கும் பையைப் பார்த்தேன், கலக்கம் வேறு விதமாக மாறியது.

படத்தில் மீன் இல்லை

மீனோடு விடுதிக்கே திரும்பினோம், அங்கே ஒரு குளிர்பதனப் பெட்டி இருந்தது. அதைத் திறந்து, யாரோ ஒரு வெள்ளைக்காரப் பையனின் பாலுக்குப் பக்கத்தில் அண்ணி மீனை வைத்தார். ஊதா முடிப் பெண் ஓடி வந்தாள். பெட்டியின் கதவில் ஒட்டியிருந்த படத்தைக் காட்டினாள். அதில் முள்முள்ளாக, அந்த ஊரில் நாற்றத்துக்குப் பேர்போன ஒரு பழம், அதன்மேல் சிவப்புக் கோடு.

"படத்துல பழம்தான கீது? மீன் எங்க கீது?" என்றார் அண்ணி. நான் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தேன். வாதத்தில் நியாயம் இருந்தது.

அந்தப் பெண் கொஞ்சம் யோசித்தாள். மேஜைக்குப் போய் ஒரு தாளை எடுத்தாள். ஒரு மீன் வரைந்தாள், கண்ணெல்லாம் வைத்து அழகாக. அதன்மேல் சிவப்புப் பேனாவால் ஒரு கோடு இழுத்தாள். கொண்டுவந்து பழத்துக்குப் பக்கத்தில் ஒட்டினாள். பிறகு மீனை எடுத்து மரியாதையாக, இரண்டு கையாலும் அண்ணியிடம் கொடுத்தாள்.

"நல்லா வரையுது பொண்ணு," என்றார் அண்ணி.

இப்படித்தான் மீன் எங்களோடு ஊர் சுற்றக் கிளம்பியது. அண்ணி எங்கள் துணிப்பெட்டியைத் திறந்து மிளகாய்த்தூள் டப்பாவையும் தோள்பையில் போட்டுக்கொண்டார். எங்கே அடுப்பு கிடைக்கும் என்று யாருக்குத் தெரியும் என்றார். தெருவுக்குத் தெரு இருக்கும் ஏசி கடையில் ஒரு கோப்பை ஐஸ் வாங்குவோம், பைக்குள் கொட்டுவோம், தண்ணீரை ஓரமாக வடிப்போம், நடப்போம். மற்றவர்கள் அந்த ஐஸில் குளிர்பானம் ஊற்றிக் குடித்தார்கள். கடைக்காரப் பையன் நாங்கள் ஐஸோடு திரும்பிப் போவதை எட்டிப் பார்த்தான். ஆட்டோ மாதிரி இருக்கும் மூன்று சக்கர வண்டியை ஓட்டிய ஒருவர் நாங்கள் ஏறி உட்கார்ந்ததும் மூக்கை உறிஞ்சினார், திரும்பிப் பார்த்தார், இறங்கச் சொல்லிக் கையைக் காட்டிவிட்டார்.

அதன் பிறகுதான் நடந்தே கோயிலுக்குப் போனோம். பூனைகள் சேர்ந்தன. அந்தக் கதையை முதலிலேயே சொல்லிவிட்டேன்.

ஆற்றின் நடுவே நீலப் புள்ளி

கோயிலிலிருந்து திரும்பும்போது படகில் ஏறினோம். காற்று சுகமாக அடித்தது. மீனும் காற்று வாங்கியது. நான் ஏதோ ஒரு படகுத்துறையில் "இதுதான்" என்று அடித்துச் சொல்லி அண்ணியை இறக்கினேன். படகு போன பிறகு பார்த்தால் அது இல்லை.

போனை எடுத்தேன். சார்ஜ் சிவப்புக்கு வந்திருந்தது. வரைபடத்தில் எங்களைக் குறிக்கும் நீலப் புள்ளி ஆற்றின் நடுவே நின்றது. "நாம கரையில கீறோம்ல?" என்று அண்ணி சந்தேகத்தோடு காலைப் பார்த்துக்கொண்டார்.

நடந்தோம். குதிகாலில் கொப்புளம். வெயில் இறங்கிவிட்டது, புழுக்கம் இறங்கவில்லை. ஒரு பாலத்தடியில் உட்கார்ந்தேன். பேசாமல் ஒரு போன் போட்டுவிட்டால் பாபு வந்துவிடுவான். குளியல், கட்டில், தூக்கம். விரல் தானாக ஏழுமலையின் பெயருக்குப் போய்விட்டது. எனக்கு அழுகை வந்தது. அன்று அம்மாவுக்குப் போன் போட்டபோது வந்த அதே அழுகை.

"போடறியா?" என்றார் அண்ணி. கோபமாகக் கேட்கவில்லை. பையைத் தரையில் வைத்துவிட்டு என் பக்கத்தில் உட்கார்ந்தார். "போடறதுன்னா போடு மே. காலு வலிக்கும்ல. நான் பிளேன்ல வந்துட்டேன், ஜன்னலோரம் உக்காந்துட்டேன். எனக்கு அது போதும்."

அவருக்கு அது போதாது என்று எனக்குத் தெரியும். போனை அணைத்துத் தோள்பையில் போட்டேன். அழுகையைத் துடைத்துக்கொண்டு, "டச்சுக்காரன் ஆருக்கு போன் போட்டான்?" என்றேன்.

அந்த நேரத்தில் எதிரே ஒருவர் தள்ளுவண்டியில் வெறும் தெர்மாகோல் பெட்டிகளை அடுக்கித் தள்ளிக்கொண்டு போனார். பெட்டிகளின் ஓரம் செதில் மின்னியது. அண்ணி விருட்டென்று எழுந்தார்.

"எந்திரி மே. காலிப் பெட்டி எங்க போவும்? மார்க்கெட்டுக்குத்தான் போவும்."

அந்த மனிதர் பாவம். பின்னால் இரண்டு பெண்கள் மீன் பையோடு விடாமல் வருவதை இரண்டு மூன்று தடவை திரும்பிப் பார்த்தார், வேகத்தைக் கூட்டினார். நாங்களும் கூட்டினோம். கடைசியில் அவர் ஏறக்குறைய ஓடினார். அப்படியே ஒரு சந்துக்குள் நுழைந்தால், காலையில் பார்த்த அதே பூக்கடை, அதே கோழிக்கடை.

ரப்பர் பூட்ஸ் பெண் கடையைக் கழுவிக்கொண்டிருந்தாள். அண்ணியைப் பார்த்ததும் குழாயைப் போட்டுவிட்டு ஓடி வந்து கையைப் பிடித்துக்கொண்டாள். தட்டுகளைக் காட்டினாள். எல்லாம் காலி. நண்டுக் கூடைகூடக் காலி. அண்ணியின் கையைத் தூக்கித் தூக்கிப் பக்கத்துக் கடைக்காரிகளுக்குக் காட்டினாள்.

"என் கைராசி மே," என்றார் அண்ணி. அந்தக் கர்வத்தை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை.

பிறகு அந்தப் பெண் எங்கள் பைக்குள் எட்டிப் பார்த்தாள். காலையில் தான் விற்ற மீன் ஊரெல்லாம் சுற்றிவிட்டு அப்படியே திரும்பி வந்திருப்பதைப் பார்த்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். சந்தின் முனையில் அவளுடைய அக்கா கரி அடுப்பு வைத்துக் கோழி சுட்டு விற்கிறாள். எங்களை அங்கே இழுத்துக்கொண்டு போய் உட்காரவைத்தாள்.

ஏழுமலையின் போன்

அண்ணி மீனைக் கழுவிக் கீறல் போட்டார். டப்பாவைத் திறந்து மிளகாய்த்தூளை அள்ளினார். எலுமிச்சம்பழம் அங்கேயே கிடைத்தது. உப்பு மட்டும் இல்லை. நாக்கில் விரலை வைத்து ஜாடை காட்டினேன். அந்த அக்கா ஒரு புட்டியிலிருந்து ஏதோ பழுப்புத் தண்ணீரை ஊற்றினாள். அண்ணி முகர்ந்து பார்த்துவிட்டு அசந்துபோனார்.

"கருவாட்டுத் தண்ணி மே! நீ பொட்டிலேர்ந்து எடுத்துப் போட்டியே, அதயே இவ புட்டில அடைச்சி வெச்சிகினு கீறா!"

மீன் சுடச்சுட வாசனை சந்து முழுவதும் பரவியது. ரப்பர் பூட்ஸ் பெண் ஒரு துண்டைப் பிட்டு வாயில் போட்டாள். கண்ணில் தண்ணீர் முட்டியது. நிறுத்தினாளா? இன்னொரு துண்டு எடுத்தாள். அந்த ஊர் நாக்கும் சும்மா இல்லை.

சார்ஜ் கொஞ்சமாவது மிச்சம் இருக்கும், நாளும் முடியப்போகிறதே என்று அப்போதுதான் அணைத்து வைத்த போனை ஆன் செய்தேன். ஆன் செய்த உடனே அடித்தது. ஏழுமலை, வீடியோ கால்.

நாம் கூப்பிடவில்லை, அவர்தானே கூப்பிடுகிறார் என்று எடுத்தேன். அங்கே இன்னும் வெளிச்சமாக இருந்தது. என் சமையலறை. அலமாரி முழுக்கக் கவிழ்ந்து கிடந்தது. பின்னால் எங்கள் பசங்க இரண்டும் தட்டோடு உட்கார்ந்திருந்தன. ஏழுமலையின் நெற்றியில் வேர்வை.

"எத்தினி தபா போட்றது உனுக்கு? போன ஆப் பண்ணி வெச்சிகினு கீற! மொளகாத்தூளு டப்பா எங்கடி? மீன கழுவி வெச்சிட்டேன், வூடு பூரா தேடிட்டேன், எங்கயும் இல்ல. பசங்க பசின்னு கத்துதுங்க. இப்ப நான் இன்னா பண்றது?"

போனைத் திருப்பி, அடுப்பைக் காட்டினேன். மீனைக் காட்டினேன். பக்கத்தில் மூடி திறந்து கிடந்த டப்பாவைக் காட்டினேன்.

அந்தப் பக்கமிருந்து மெதுவாக ஒரு குரல் வந்தது.

"அக்கா... இது அந்தக் கணக்குல வராது."

அண்ணி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மீனைப் புரட்டிப் போட்டுக்கொண்டே கேட்டார்: "டேய் ஏழுமல, இன்னா கேட்ட? இன்னொரு தபா சொல்லு."

அதைச் சொல்வதற்குள் போன் அணைந்துவிட்டது. அன்று ராத்திரி எங்கள் வீட்டில் மீனை வெறும் மஞ்சளும் உப்பும் போட்டு வேகவைத்துத் தின்றார்கள் என்று ஊர் திரும்பிய பிறகு பசங்க சொன்னார்கள். கல்யாணத்துக்கு மறுநாள் நான் அழுத கதையை ஏழுமலை அதற்குப் பிறகு எந்த விசேஷத்திலும் சொன்னதில்லை.

சாப்பிட்டு முடித்து, கையைக் கழுவி, டப்பாவை அழுத்தி மூடினோம். அண்ணி அதை மடியில் வைத்துக்கொண்டு, சந்துக்கு மேலே தெரிந்த கொஞ்சூண்டு வானத்தைப் பார்த்தார். ஒரு விமானம் விளக்கைச் சிமிட்டிக்கொண்டு இன்னும் கிழக்கே போய்க்கொண்டிருந்தது.

"மே," என்றார். "அடுத்த தபா உப்பு டப்பாவையும் எடுத்துகினு வந்துட்லாமா?"